வாழைச் சீப்பு வெட்டுவாய் அழுகல்: இலவங்கப்பட்டை இலை எண்ணெய்க் கலவைக்கு வழி வேண்டும்

வணக்கம். தேனி மாவட்டம் சின்னமனூர் பக்கம், ஜி-9 வாழை ரகம். முக்கால் விளைச்சலில் தாரை வெட்டி, சீப்பு பிரித்து, படிகாரத் தண்ணீரில் பால் வடிய விட்டு, அட்டைப்பெட்டியில் பாலித்தீன் உறை போட்டு 13.5 டிகிரியில் வைக்கிறோம். இரண்டாவது வாரத்தில் வெட்டுவாயில் (தாரிலிருந்து சீப்பை வெட்டிய இடத்தில்) வெள்ளையாகப் பூஞ்சணம் படர்கிறது. பிறகு அந்த இடம் கறுத்து மெத்தென்றாகி, காம்பு வரை இறங்குகிறது. சீப்பைத் தூக்கினால் காய் உதிர்கிறது. காய்த்தோலில் எதுவும் இல்லை.

ரசாயன மருந்து வேண்டாம் என்பது வாங்குபவர் நிபந்தனை. அதனால் சீப்பை இவற்றில் முக்கிப் பார்த்தோம்.

10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ பூண்டு அரைத்து வடிகட்டிய சாறு: அழுகல் சில நாள் தள்ளிப்போகிறது, வாடை மட்டும் போவதில்லை. 5% வேப்பங்கொட்டைச் சாற்றில் பலனே இல்லை. இருப்பதில் நல்லது இலவங்கப்பட்டை இலை எண்ணெய்தான். லிட்டருக்கு 1 மி.லி.யில் பூஞ்சணம் திரும்ப வருகிறது, 3 மி.லி.யில் தோல் பழுப்பாகிறது. காதி சோப்பு சேர்த்தும் எண்ணெய் மேலே மிதக்கிறது. (படிகாரம் ஒட்டியிருந்தால் சோப்பு திரிந்துவிடும் என்பதால் நல்ல தண்ணீரில் அலசிய பிறகே முக்குகிறோம்.)

காயை முக்காமல் வெட்டுவாயில் மட்டும் தடவுவதற்கு, பட்டை இலை எண்ணெயை எதோடு, எந்த அளவில் கலக்க வேண்டும்?