கோழிக்குக் கதவு வைத்த கடை

2018 அக்டோபரில் அப்பாவை அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பக்கம் கூட்டிப்போனேன். இலைகள் நிறம் மாறுவதைக் காட்டத்தான் போனோம். அப்பாவுக்குப் பிடித்துப்போனது என்னவோ பூன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மாஸ்ட் ஜெனரல் ஸ்டோர்.

முப்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர் அவர். உள்ளே கால் வைத்ததும் பலகைத் தரை கிறீச்சென்றது. மூச்சை இழுத்து, "பழைய கடை வாசம்டா" என்றார். 1883இல் தொடங்கிய கடை அது. ஆணி, துணி, செருப்பு, வாணலி என்று என்னென்னவோ அடுக்கியிருந்தது. அந்தக் காலத்தில் அந்த ஊர்க்காரர்களுக்குத் தொட்டிலும் அங்கேதான், சவப்பெட்டியும் அங்கேதான். ஓர் ஓரத்தில் தபால் அலுவலகம். நடுவில் தொப்பை போட்ட இரும்புக் கணப்படுப்பு, பக்கத்திலேயே பாட்டில் மூடிகளைக் காயாக வைத்து ஆடும் பலகை. அப்போது காபி ஐந்து சென்ட். காசை நாமே போட்டுவிட வேண்டும், யாரும் நின்று பார்க்கவில்லை.

அப்பா ரொம்ப நேரம் நின்றது தரையில் இருந்த ஒரு சின்னக் கதவுக்குப் பக்கத்தில். கையில் காசில்லாத குடியானவர்கள் கோழியைக் கொடுத்துவிட்டுச் சாமான் வாங்கிப்போவார்களாம். அந்தக் கோழிகளை இந்தக் கதவு வழியாகத்தான் கீழே இருந்த கூண்டுக்குள் இறக்கிவிடுவார்கள். மருந்து வேர், மூலிகை கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். "எங்க பாட்டி நெல்லை அளந்து கொடுத்து உப்பு வாங்குவாங்க. இங்கயும் அதே கணக்குதான்" என்று அப்பா சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது.

திரும்பும் வழியில் 40ஆம் நெடுஞ்சாலை ஓரம் க்ராக்கர் பேரலில் சாப்பிட நிறுத்தினோம். 1969இல் டென்னசி மாநிலத்து லெபனான் ஊரில், பெட்ரோலும் விற்றுக்கொண்டு ஆரம்பித்த உணவகம், இன்று நாடு முழுக்க இருக்கிறது. மாஸ்ட் கடை நிஜமாகவே பழையது, இது பழைய கடை மாதிரி கட்டியது. இருந்தாலும் சுவரில் மாட்டியிருப்பவை அசல் பழம்பொருட்கள்தான். முன்பு கிராமக் கடைகளுக்கு பிஸ்கட் பீப்பாயில் வரும், அதைச் சுற்றி நின்று ஊர்க்கதை பேசுவார்கள். க்ராக்கர் என்றால் பிஸ்கட், பேரல் என்றால் பீப்பாய்; பெயர் அதிலிருந்து வந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பக்கத்துச் சமையலில் பீன்ஸையும் கீரையையும்கூடப் பன்றிக்கறி சேர்த்து வேகவைப்பது வழக்கம். பரிமாறிய அம்மா, நாங்கள் கேட்டதும் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னார். அப்பா சோள ரொட்டியும் வதக்கிய ஆப்பிளும் சாப்பிட்டார். ஆப்பிளை மட்டும் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார்.

வெளியே திண்ணையில் ஆடும் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அப்புறம் கிளம்பலாம் என்று அப்பா ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"பிரிட்ஜ் வைக்க இடம் வேணும்னு நம்ம கடை வாசல் பெஞ்சை எடுத்தேன் இல்ல, அதுக்கப்புறம்தான் சாயங்காலத்துல யாரும் வர்றதில்ல" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நன்றாக இருட்டிய பிறகுதான் காரை எடுத்தோம்.