தனிச்சுப் போன எங்கட மேர்சோய்லிக்குத் துணை தேடுறம், அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ

ஓல்டன் அம்மா எழுதினது:

வணக்கம். எங்கட வீட்டில ரெண்டு கினிப் பன்றி வளர்த்தம், ரெண்டும் பெண். இஞ்ச சுவிஸில பிள்ளையள் சொல்லுற மாதிரி மேர்சோய்லி எண்டே எழுதுறன், எனக்கும் வாயில அதுதான் வருது. மூத்தது மல்லி, 6 வயசு. மற்றது சுண்டு, நாலரை வயசு. பெப்ரவரி 9ஆம் திகதி விடியப் பார்க்க மல்லி குடிலுக்குள்ள செத்துக் கிடந்தது. சுண்டு அதோட ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. மகள் பள்ளிக்கூடத்தால வருமட்டும் நான் சொல்லேல்லை. அந்தக் கோவம் அவவுக்கு இன்னும் ஆறேல்லை.

முந்தி நான் குளிர்பெட்டியைத் திறந்தால் போதும், ரெண்டும் சேர்ந்து வீக் வீக் எண்டு வீடே அதிரக் கத்துங்கள். இப்ப சத்தமே இல்லை. முதல்ல கவனிச்சது மாமி. மூண்டு வருசத்துக்கு முந்தி "எலிக்கு ஏன் பிள்ளை கொத்தமல்லி" எண்டு என்னோட சண்டை பிடிச்சவதான். பிறகு ஒவ்வொரு நாளும் கரட் தோல் சீவிக் குடுக்கிறது அவதான். போன கிழமை குசினியில நிண்டு கொண்டு, "பிள்ளை, உது இப்ப என்னைக் கூப்பிடுறேல்லை" எண்டா. குரல் அடைச்சுப் போச்சு அவவுக்கு.

ஞாயிற்றுக்கிழமையில கேக் நிறுக்கிற தராசில வைச்சு நிறுக்கிறனாங்கள். மல்லி செத்த கிழமை சுண்டு 1040 கிராம். இப்ப 985. சாப்பிடுது, ஆனால் குடிலை விட்டு வெளிய வந்து சாப்பிடுறேல்லை. மகள் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியும் தன்ர கம்பளிச் சால்வையும் உள்ள வைச்சிருக்கிறா.

பக்கத்து வீட்டு மனிசி தன்ர முயலைச் சும்மா தாறன் எண்டு சொல்லுறா. கடையில 6 கிழமைக் குட்டியள் இருக்கு. இவர் கேக்கிறது வேற: "இப்ப ஒண்டு கொண்டு வந்தால் சுண்டு போன பிறகு அது தனிச்சுப் போகும், அதுக்கு இன்னொண்டு, இது எப்ப முடியும்?" அவர் சொல்லுறதில பிழை இல்லை. மகளுக்கு 11 வயசு, இன்னும் அஞ்சு வருசத்தில தொழிற்பயிற்சி எண்டு வெளிக்கிட்டிடுவா. ஒண்டைத் தனிய வைச்சிருக்கிறது இந்த நாட்டுச் சட்டத்துக்கும் பிழை எண்டு தெரியும். ஆனால் நான் கேக்கிறது சட்டத்துக்காக இல்லை, சுண்டுவுக்காக. முயல் சரிவருமோ? குட்டியோ பெரிசோ? ஆணோ பெண்ணோ? தெரிஞ்சவை தயவுசெய்து சொல்லுங்கோ.

பேர்ண் பிள்ளை எழுதினது:

அக்கா, நான் மிருக வைத்தியரிட்ட உதவியாளரா வேலை செய்யிறனான். துணையைத் தேட முதல் சுண்டுவை ஒருக்கால் வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ. கவலையில மெலியிறது உண்மைதான். ஆனால் கடைவாய்ப் பல்லு கூட வளர்ந்து நாக்கில குத்தினாலும் இப்பிடித்தான் மெதுமெதுவா நிறை குறையும். மூண்டு வயசு தாண்டின பெண்ணுகளுக்குச் சூலகத்தில நீர்க்கட்டி வாறதும் கனக்க. ரெண்டு விலாப் பக்கமும் ஒரே மாதிரி மயிர் கொட்டியிருக்கோ எண்டு விரிச்சுப் பாருங்கோ. இனிக் கிழமைக்கு ஒருக்கால் போதாது, ஒவ்வொரு நாளும் நிறுங்கோ. அரை நாள் ஒண்டும் சாப்பிடாமல் இருந்தால் ராவெண்டும் பாராமல் அவசர வைத்தியத்துக்கு ஓடுங்கோ, இதுகளின்ர குடல் நிண்டால் திரும்ப ஓடப்பண்ணுறது கஷ்டம்.

முயல் வேண்டாம் அக்கா. கேக்காமலே சொல்லியிருப்பன், அவ்வளவு பேர் கொண்டு வந்து காட்டியிருக்கினம். முயல் பின்னங்காலால ஒரு உதை விட்டால் இதின்ர விலா முறியும். முயலுக்கு ஒண்டும் செய்யாமல் மூக்கில இருக்கிற போர்டெடெல்லா எண்ட கிருமி இதுக்குச் சளிக்காய்ச்சலாக வந்து ஆளையே கொண்டு போகும். சாப்பாடும் வேற: முயல் தன்ர உடம்பிலயே விற்றமின் சி செய்யும், மேர்சோய்லிக்கு எங்களை மாதிரி அது ஏலாது, பச்சை மரக்கறியாலதான் கிடைக்கோணும். எல்லாத்துக்கும் மேல, முயல் பேசாது. இது நாள் முழுக்கக் கதைக்கிற சாதி. அந்தீஸ் மலைப்பக்கம் இதின்ர காட்டுச் சொந்தங்கள் இப்பவும் கூட்டமாத்தான் சீவிக்குதுகள். பதில் சொல்லாத ஒண்டோட இருக்கிறதும் தனிமைதான்.

கண்ணாடியை எடுத்துவிடுங்கோ. அதில மணமும் இல்லை, சூடும் இல்லை. சால்வை இருக்கட்டும், நூலைக் கடிச்சு விழுங்காமல் மட்டும் பாருங்கோ.

நான் சொல்லுறது: மூண்டு நாலு வயசு, நலமடிச்ச ஆண். ஊரில நாம்பன் மாட்டுக்குச் சொல்லுவினமே, குட்டி உண்டாக்க ஏலாமல் பண்ணுற அந்த நலமடிக்கிறதுதான். வளர்ந்த ரெண்டு பெண்ணும் சேரும்தான், ஆனால் ஆருக்கு மேல் கை எண்டு கனநாள் இழுபடும். நலமடிச்ச ஆணும் பெண்ணும் எண்டால் பெரும்பாலும் கெதியா அடங்கும். நலமடிச்சு 6 கிழமை ஆகிட்டுதோ எண்டு திகதியைக் கேட்டு உறுதிப்படுத்துங்கோ, அதுக்கு முந்தி அதால இன்னும் குட்டி உண்டாக்கலாம். கடைக்குட்டியில எனக்குப் பயம் அதுதான். மூண்டு கிழமையிலயே ஆண் தயாராகிவிடும், பெண் எண்டு சொல்லித் தந்தது ஆணாக இருந்த கதை மாதத்துக்கு ஒண்டு எங்களிட்ட வரும். சுண்டு ஒருநாளும் குட்டி போடாதது. முதல் குட்டி 6, 7 மாதத்துக்குள்ள இல்லாட்டி இடுப்பெலும்பு இறுகிப் போகும், பிறகு பிரசவத்துக்கு விரியாது. நாலரை வயசில கர்ப்பம் எண்டால் உயிருக்கே ஆபத்து.

அதோட ஒரு குட்டிக்கு விளையாட ஆள் வேணும், சுண்டுவுக்குப் படுக்க ஆள் வேணும். ரெண்டும் ஏமாந்து போகும்.

தூண் (Thun) அப்பா எழுதினது:

தங்கச்சி, உங்கட மனிசன் கேட்ட கேள்வியைத்தான் நான் ஏழு வருசம் கேட்டனான். 2008 செப்டம்பர் 1ஆம் திகதி, தனிய வைச்சிருக்கப்படாது எண்ட புதுச் சட்டம் வரேக்க எங்கட வீட்டில ரெண்டு இருந்தது. ஒண்டு போக ஒரு குட்டி வாங்கினம், மற்றது போக இன்னொரு குட்டி. மூத்த பெடியன் பல்கலைக்கழகம் போனான், இளையவள் வீட்டை விட்டுப் போனாள், நான் தனிய நிண்டு கூடு துப்பரவாக்கினன்.

பிறகுதான் ஒராள் சொன்னார், இந்த நாட்டில துணைக்கு இரவல் குடுக்கிற ஆக்கள் இருக்கினம் எண்டு. உங்களிட்டக் கடைசியா மிஞ்சினதுக்குத் துணையா வயசான ஒண்டைத் தருவினம். உங்கடது காலமானால் தந்ததைத் திரும்ப எடுப்பினம், அது தன்ர பழைய கூட்டத்துக்குப் போகும். நாங்கள் ஒரு காசு கட்டினனாங்கள், திரும்பக் குடுக்கேக்க பாதி தந்தவை. டீயர்ஹைமிலயும், அதுதான் கைவிட்ட மிருகங்களைப் பராமரிக்கிற இடத்திலயும், இப்பிடிக் கேட்டுப் பாருங்கோ, எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருகிற இடங்கள் இருக்கு. எங்களுக்கு வந்த கிழவி எங்கட கிழவனோட 14 மாதம் இருந்தது. திரும்பக் கொண்டு போய் விட்ட அண்டைக்கு நான் காருக்குள்ள கனநேரம் இருந்தனான், அதையும் மறைக்காமல் சொல்லோணும். ஆனால் அது தனிச்சுப் போகேல்லை.

சேர்க்கிற விதத்தில நான் விட்ட பிழையை நீங்கள் விடாதேங்கோ. முதல் தரம் புதுசை நேரை பழைய கூட்டுக்குள்ள வைச்சன். கூடு அதின்ர வளவு, விடுமோ? பல்லை நறுநறு எண்டு கடிச்சுக்கொண்டு பாய்ஞ்சுது. நான் பயந்து பிரிச்சன், அடுத்த நாள் சேர்த்தன், பிறகும் பிரிச்சன். ஒவ்வொரு தரமும் முதல்ல இருந்து சண்டை. ரெண்டுக்கும் பழக்கமில்லாத நிலத்தில, நல்லா இடம் விட்டு, ஒருக்கால் சேர்த்தால் சேர்த்ததுதான். உள்ள வைக்கிற ஒவ்வொரு குடிலுக்கும் ரெண்டு வாசல் வேணும், ஒரு வாசல் எண்டால் உள்ள போனது மாட்டுப்பட்டுப் போகும். காய்ஞ்ச புல்லை நாலு இடத்தில குவியுங்கோ. துரத்தும், ஏறும், இடுப்பை ஆட்டிக்கொண்டு கர்ர் எண்டு சுத்தி வரும், மயிர் கொஞ்சம் பறக்கும். அது சண்டை இல்லை. ரத்தம் கண்டால் மட்டும் பிரிச்சுவிடுங்கோ, அதுவும் துவாயைப் போட்டு. வெறுங்கையை விட்டு நான் ரெண்டு தையல் வாங்கினனான்.

சூரிச் பெடியன் எழுதினது:

அக்கா, வித்தியாசமா நினைக்காதேங்கோ. உங்களுக்கு இனித் தொடர விருப்பமில்லையெண்டால் சுண்டுவையே ஒரு கூட்டத்தோட சேர்த்து விடலாம்தானே? அதுக்கும் நல்லது, உங்களுக்கும் முடிவு.

ஓல்டன் அம்மா எழுதினது:

தம்பி, அதையும் இருந்து யோசிச்சம். மாமிக்கு 78 வயசு, பகல் முழுக்க வீட்டில அவவும் சுண்டுவும்தான். அவவிட்டக் கேட்டன். "அதுக்கு நல்லதெண்டால் குடு பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போய்க் கரட் சீவினா. எனக்கு ஏலாமல் போச்சு. வயசான காலத்தில வீடும் மாறி, ஆக்களும் மாறி, சுண்டுவுக்கும் அது பாரம்தானே.

பேர்ண் தங்கச்சி, நீங்கள் சொன்ன மாதிரி வைத்தியரிட்டக் காட்டினம். பல்லு சரி. வயித்தை ஸ்கான் பண்ணினவை, சின்னக் கட்டி ஒண்டு இருக்கு, இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம் எண்டு சொன்னவை. தூண் அண்ணா, டீயர்ஹைமுக்கு எடுத்தன். கூட்டின்ர படம் அனுப்பச் சொல்லிச்சினம். ரெண்டுக்கு 2 சதுர மீட்டர் இருந்தால்தான் தருவம் எண்டு சொன்னதால இவர் பலகை வாங்கி வந்து சனிக்கிழமை முழுக்க நிண்டு பெருப்பிச்சார். இது எப்ப முடியும் எண்டு கேட்ட அதே மனிசன்.

ஓல்டன் அம்மா எழுதினது:

ஏப்ரல் 12. எல்லாருக்கும் சொல்லோணும் எண்டு வந்தனான்.

டீயர்ஹைமால வந்தவனுக்கு நாலு வயசு, நலமடிச்சு ஒரு வருசம். மண்ணிறம், வலது காதில ஒரு துண்டு இல்லை. சுண்டு காலமானால் திரும்ப எடுக்கிறம் எண்டு எழுதித் தந்திருக்கினம். அங்க வைத்தியர் பார்த்துச் செள்ளு, தோல் பங்கசு ஒண்டும் இல்லை எண்டு சொன்ன பிறகும் ரெண்டு கிழமை எங்கட அறையில தனிய வைச்சிருந்தம். பங்கசு எண்டால் பிள்ளைக்கும் ஒட்டும் எண்டு வைத்தியர் சொன்னவர். அந்த ரெண்டு கிழமையும் அது ராவில கூப்பிடும். அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ முன் அறைக்குள்ள இருந்து சுண்டு பதில் குடுத்துது. மாமி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பிச் சொன்னவ.

போன ஞாயிறு மகளின்ர அறையில சேர்த்தம், சுண்டு ஒருநாளும் கால் வைக்காத நிலம். அவன் உடன கர்ர் எண்டு இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தான். சுண்டு திரும்பி நேரை அவன்ர முகத்துக்கு மூத்திரம் அடிச்சுது. நான் துவாயைத் தூக்கிப்போட்டன். மகள்தான் என்ர கையைப் பிடிச்சு, "அம்மா, ரத்தம் இல்லை, விடுங்கோ" எண்டா. மூண்டு மணித்தியாலம் துரத்தல். பல்லு நறநறப்பு ரெண்டு தரம். எனக்கு வயித்துக்குள்ள பிசைஞ்சுது, பிரிப்பம் எண்டு நாலைஞ்சு தரம் சொல்லியிருப்பன். இவர் தலை ஆட்டிக்கொண்டு அசையாமல் நிலத்தில இருந்தார். அஞ்சு மணிபோல ஒரே புல்லுக் குவியலுக்கு ரெண்டு பக்கத்தாலயும் வந்து சாப்பிடத் தொடங்கிச்சுதுகள். அண்டிரவு அங்கயே விட்டு, மகள் எங்கட கட்டிலில படுத்தா.

இப்ப புதுக் கூட்டில நிக்குதுகள். ஒட்டிப் படுக்கிறேல்லை இன்னும், ஒரு சாண் தள்ளித்தான். நிறை நேற்று 1010. பேர்ண் தங்கச்சி, ஒரு கேள்வி: அவனுக்கு அங்க வைச்ச பேர் ஃபிரெடி. மாமி அவனை ராசா எண்டு கூப்பிடுறா, அதுக்கும் ஓடி வாறான். பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் விட்டால் அவனுக்கு ஏதும் குழப்பமோ?

பேர்ண் பிள்ளை எழுதினது:

ஒரு குழப்பமும் இல்லை அக்கா. அவன் ஓடி வாறது கரட் தோலுக்கும் மாமியின்ர குரலுக்கும்தான். அவ கூப்பிடுற பேரையே வையுங்கோ. வெளியில இப்ப பச்சைப் புல்லு வரத் தொடங்கிட்டுது, முதல் நாள் ஒரு பிடி, அடுத்த நாள் ரெண்டு பிடி எண்டு பழக்குங்கோ, ஒரேயடியா குடுத்தால் வயிறு ஊதும். சுண்டுவின்ர கட்டிக்கு யூன் மாதம் ஒருக்கால் ஸ்கான் பண்ணிப் பாருங்கோ.

ஓல்டன் அம்மா எழுதினது:

சரி தங்கச்சி. யூன் 3க்கு நேரம் எடுத்திட்டன். மாமி கத்திரிக்கோலோட சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில நிக்கிறா, ஒரு பிடி மட்டும் எண்டு சொல்லி விடுறன்.