ஹென்றி மெக்லீஷ்: பதவி போன பிறகு செய்தவற்றில் எது நிலைத்தது?

மேகலை_ப

ஸ்காட்லாந்து முதலமைச்சர் ஹென்றி மெக்லீஷ் அலுவலக வாடகை விவகாரம் ஒன்றால் 2001 நவம்பர் 8-ல் பதவி விலகினார். முதல்வராக இருந்தது ஒரு வருடம் சொச்சம்தான். அதன் பிறகு அர்கன்சா பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர், ஆலோசகர், அரசு ஆணையத் தலைவர் என்று பல வேலைகள். முதியோர் பராமரிப்பு, சிறை, கால்பந்து என எதைப் படித்தாலும் இவர் பெயர் வருகிறது. அந்த அலுவலக வாடகை விவகாரம் சரியாக என்ன? இவர் கொடுத்த அறிக்கைகளில் எவை நடைமுறைக்கு வந்தன, எவை காகிதத்தோடு நின்றன?

தென்கரையான்

வாடகை விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். 1987 முதல் 2001 வரை அவர் மத்திய ஃபைஃப் தொகுதியின் வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டன் நாடாளுமன்ற) எம்.பி. கிளென்ராத்தஸில் இருந்த தொகுதி அலுவலகத்துக்கு நாடாளுமன்றப் படி வாங்கிக்கொண்டே, அதன் ஒரு பகுதியை உள்வாடகைக்கும் விட்டிருந்தார். அந்த வருமானத்தை நாடாளுமன்றக் கணக்குப் பிரிவிடம் சொல்லவில்லை. மொத்தம் சுமார் 36,000 பவுண்டு. சொந்த ஆதாயம் எதுவும் இல்லை என்பதே அவர் தரப்பு. ஆனால் அவரைக் கவிழ்த்தது தொகை மட்டும் அல்ல. விவரம் தவணை தவணையாக வெளியே வந்ததுதான். பிபிசி விவாத நிகழ்ச்சி ஒன்றில் மொத்தம் எவ்வளவு என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரமே பதவி போனது.

அவருடைய பெரிய சாதனை அந்தக் குறுகிய ஆட்சியில்தான் தொடங்கியது. முதியோர் பராமரிப்புச் செலவு பற்றி ஸ்டூவர்ட் சதர்லாண்ட் தலைமையிலான ராயல் கமிஷன் 1999-ல் பரிந்துரைத்ததை லண்டன் (பிரிட்டிஷ் அரசு) ஏற்கவில்லை. மெக்லீஷ் ஏற்றார். 2002 ஜூலை 1 முதல் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குளிப்பாட்டல், உடை மாற்றல், ஊட்டிவிடல் போன்றவை வீட்டிலேயே இலவசம். பராமரிப்பு இல்லத்தில் சொந்தக் காசில் தங்குபவர்களுக்கு அப்போது வாரம் 145 பவுண்டு. செவிலியர் பராமரிப்பும் தேவைப்பட்டால் கூடுதலாக 65. தங்குமிடமும் சாப்பாடும் இதில் சேராது. "எல்லாமே இலவசம்" என்று பலர் எழுதுவது தவறு.

சிக்கல் இரண்டு இடத்தில் வந்தது. சமூகப் பாதுகாப்பு அப்போது லண்டனின் அதிகாரம் என்பதால், இந்த 145 பவுண்டை வாங்கும் இல்லவாசிகளுக்கு முதியோருக்கான உதவிப்படியை லண்டன் நிறுத்திக்கொண்டது. அந்தப் பணத்தை ஸ்காட்லாந்துக்கு மாற்றித் தரவும் மறுத்தது. 1998 ஸ்காட்லாந்து சட்டத்தை டொனால்ட் டியூவரோடு நின்று மக்களவையில் நிறைவேற்றிய அமைச்சர் இதே மெக்லீஷ்தான். லண்டனிடம் இருக்கும் அதிகாரங்களை ஐந்தாம் அட்டவணையில் பட்டியலிட்டு, மீதி எல்லாம் எடின்பரோவுக்கு (ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு) என்று பிரித்த சட்டம் அது. அவர் நிறைவேற்றிய பட்டியலே அவர் திட்டத்தின் பணத்தை மறித்தது. இரண்டாவது சிக்கல் சமையல். ஊட்டிவிடுவது இலவசம், சமைத்துக் கொடுப்பது? சில உள்ளாட்சி மன்றங்கள் கட்டணம் வாங்கின. 2009-ல் விதியைத் திருத்தித்தான் அதைத் தெளிவாக்கினார்கள்.

கூட்டாட்சி வாசகன்

சிறைப் பக்கம் நான் சேர்க்கிறேன். 2007-ல் எஸ்.என்.பி. (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) அரசு, எதிர்க்கட்சியான லேபரைச் சேர்ந்த இவரைச் சிறை ஆணையத்துக்குத் தலைவராக்கியது. 2008 ஜூலையில் அறிக்கை வந்தது. கைதிகள் தொகை 8,000-ஐ நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அதை 5,000-க்கு இறக்க வேண்டும் என்றார். வழி: ஆறு மாதமோ அதற்குக் குறைவோ ஆன சிறைத்தண்டனையை நீதிமன்றம் பொதுவாகத் தவிர்க்க வேண்டும், பதிலாகச் சமூகத்துக்கு உழைத்துக் கொடுக்கும் தண்டனை.

அரசு சிறுபான்மை அரசு. மசோதாவில் ஆறு மாதமாக இருந்தது, வாக்குகளுக்காக லிபரல் டெமாக்ரட்டுகளுடன் பேசி மூன்றானது. 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சமூக உழைப்பு ஆணையும் அப்போதே வந்தது.

மேகலை_ப

மூன்று மாத வரம்பால் பலன் இருந்ததா?

கூட்டாட்சி வாசகன்

மிகக் குறைவு. அது தடை அல்ல. வேறு தண்டனை பொருந்தாது என்று காரணத்தைப் பதிவு செய்தால் நீதிபதி சிறைக்கு அனுப்பலாம். வரம்பு மூன்று மாதம் என்றால் நான்கு மாதத் தண்டனைக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. மூன்று முதல் ஆறு மாதத் தண்டனைகளின் பங்கு கூடியது. 2019 ஜூலை 4 முதல் வரம்பைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள். அவர் கேட்டதைவிட அதிகம். ஆனாலும் 5,000 என்ற இலக்கு எட்டவில்லை, கைதிகள் தொகை பிறகும் 8,000-ஐத் தாண்டியது. நீண்ட தண்டனைகளும் விசாரணைக் கைதிகளும் அந்த வரம்புக்குள் வருவதில்லை.

மைதானக்காரன்

கால்பந்து: ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் கேட்டு மெக்லீஷ் எழுதிய அறிக்கை இது, இரண்டு பாகமாக வந்தது. 2010 ஏப்ரலில் அடித்தளமும் இளையோர் பயிற்சியும், டிசம்பரில் நிர்வாகமும் லீக் அமைப்பும். இளவயதில் ஈஸ்ட் ஃபைஃப் அணிக்கு ஆடியவர் என்பதால் உள்விவகாரம் தெரிந்தவர்.

எது நடந்தது என்று பார்க்க, முடிவு யார் கையில் இருந்தது என்று பாருங்கள். சங்கம் தானே செய்யக்கூடியவை சீக்கிரம் நடந்தன: 2011-ல் செயல்திறன் இயக்குநராக மார்க் வோட்டே, 2012-ல் பள்ளிகளோடு இணைந்த ஏழு பயிற்சி மையங்கள். மேல்மட்ட லீக்கை 10 அணிகளாகக் குறைப்பது மட்டும் நடக்கவில்லை. அப்போதைய பிரீமியர் லீக்கில் (மேல்மட்ட லீக்) இத்தகைய மாற்றத்துக்கு 12 கிளப்பில் 11 சம்மதிக்க வேண்டியிருந்தது. இரண்டு கிளப் மறுத்தால் போதும், 2013-ல் வந்த வேறொரு மறுசீரமைப்பும் அப்படித்தான் விழுந்தது. இன்றும் 12 அணிகள்தான். அவர் கேட்ட ஒரே லீக் நிர்வாகம் மட்டும் 2013-லேயே, மேல்மட்ட லீக்கையும் கீழ்மட்ட லீக்குகளையும் நடத்திய இரண்டு அமைப்புகளை இணைத்து வந்தது.

தென்கரையான்

மேகலை, எழுதுவதானால் ஒரு விஷயம். சிறை அறிக்கையைப் படித்ததும் 2010 குற்றவியல் நீதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு மாதம் மூன்றானது அங்கே நேராகத் தெரியும்.