ஒரு ரைடர், ஆறு குதிரை: ஈவென்டிங் சீசன் அனுபவப் பகிர்வு

லாயம்வாசி:

மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வரை இங்கிலாந்தில் ஈவென்டிங் சீசன். ஒரே ரைடரும் குதிரையும் டிரெஸாஜ் (வரிசையான பயிற்சி அசைவுகள்), ஷோ ஜம்பிங் (மைதானத்தில் தடை தாண்டல்), கிராஸ் கன்ட்ரி (திறந்த நிலத்தில் தடைகளோடு ஓட்டம்) மூன்றையும் செய்யும் போட்டி இது, பெனால்டி குறைந்தவர் ஜெயிப்பார். தொழில்முறை ரைடர் ஒருவரிடம் ஐந்தாறு குதிரைகளாவது போட்டியில் இருக்கும். ஐந்து நட்சத்திரம் என்ற உச்சப் படிக்கு ஒன்றோ இரண்டோ, மூன்று, நான்கு நட்சத்திரத்தில் ஏறிவருவது இரண்டு, பாக்கி ஐந்து, ஆறு வயது இளசுகள். அப்படிப்பட்ட லாயங்களில் வேலை செய்பவர்கள் கண்டதை, கைப்பட்டதை இங்கே எழுதுங்கள். ஜெயித்த கதை வேண்டாம். என்ன அளவு, என்ன நேரம், எது எதனால் கெடுகிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

காலண்டரை நான் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து நட்சத்திரப் போட்டிகளில் அமெரிக்காவின் கென்டக்கி ஏப்ரல் கடைசியில், இங்கிலாந்தின் பேட்மின்டன் மே தொடக்கத்தில். பதினோரு நிமிடம் கிராஸ் கன்ட்ரி ஓடிய குதிரையை உடனே அட்லான்டிக்கைத் தாண்டிக் கொண்டுவந்து மறுபடி ஓடவிட முடியாது. கென்டக்கி, பேட்மின்டன், இங்கிலாந்தின் இன்னொரு பெரிய போட்டியான பர்லி மூன்றையும் அடுத்தடுத்து ஜெயித்த இருவரும் இரண்டு குதிரைகளை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். 2003-இல் பிப்பா ஃபனெல்: கென்டக்கியிலும் பர்லியிலும் பிரிம்மோர்ஸ் பிரைட், பேட்மின்டனில் சுப்ரீம் ராக். பிறகு மிக்கேல் யுங்: 2015 பர்லி, 2016 பேட்மின்டன் இரண்டிலும் சாம், நடுவில் 2016 கென்டக்கியில் ரோக்கானா. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு ஃபௌவாத் மிர்ஸா தஜாரா என்ற குதிரைக்குப் பதில் சென்யோர் மெடிகாட்டை இறக்கி 23-ஆம் இடம் பிடித்தார். கையில் இரண்டு தயாராக இருந்ததால்தான் அந்த மாற்றம் முடிந்தது.

பெரிய போட்டித் தேதியைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ண வேண்டும். மே தொடக்கம் என்றால் மார்ச் நடுவில் முதல் ஓட்டம், மொத்தம் இரண்டு அல்லது மூன்று ஓட்டம், கடைசி ஓட்டத்துக்கும் பெரிய நாளுக்கும் இடையே இரண்டு மூன்று வாரம். இங்கேதான் மழை குறுக்கிடும். மார்ச், ஏப்ரலில் தரை சேறாகிப் போட்டிகள் ரத்தாவது சகஜம். 2012-இல் பேட்மின்டனே தண்ணீர் தேங்கி ரத்தானது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்று இடம் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். அதுவும் மணற்பாங்கான, தண்ணீர் வடியும் நிலமாக இருக்கட்டும். ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு போட்டிக்குப் பெயர் கொடுத்தால் இரண்டும் ஒரே மழையில் போகும்.

அடுத்த நட்சத்திரத்துக்கு ஏறத் தகுதி முடிவு வேண்டும். டிரெஸாஜில் 45 பெனால்டிக்கு மேல் போகக்கூடாது, கிராஸ் கன்ட்ரியில் தடைக்கான பெனால்டி இருக்கக்கூடாது, ஷோ ஜம்பிங்கில் 16-க்கு மேல் கூடாது. கிராஸ் கன்ட்ரி நேரத்துக்கும் வரம்பு உண்டு. ரைடர் எவ்வளவு பெரிய ஆளானாலும் குதிரைக்குத் தனியாக இந்த முடிவு வேண்டும். ஆறு குதிரைக்கும் யாருக்கு எது பாக்கி என்று எழுதிச் சுவரில் ஒட்டாத லாயத்தில் ஜூலையில்தான் ஓட்டை தெரியவரும்.

நிமிடமுள்:

லாயம்வாசி அண்ணா சீசன் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். ஒருநாள் போட்டியில் டிரெஸாஜ், ஷோ ஜம்பிங், கிராஸ் கன்ட்ரி என்று வரிசை. நான்கு குதிரை என்றால் பன்னிரண்டு தொடக்க நேரம்.

டிரெஸாஜ் டெஸ்ட் 5 நிமிடம், லாரிக்குத் திரும்ப 10, குதிரை மாற 5, மறுபடி மைதானத்துக்கு 10, வார்ம்-அப் 25. ஆக ஒரு குதிரைக்கும் அடுத்ததற்கும் 55 நிமிடம். பராமரிப்பாளர் அடுத்த குதிரையைச் சேணம் பூட்டி வார்ம்-அப் இடத்துக்கே கொண்டுவந்தால் அது 35-ஆகக் குறையும். வாரக் கடைசியில் நான்கு குதிரை ஓடுமா, ஐந்து ஓடுமா என்பதை அந்த 20 நிமிடம்தான் தீர்மானிக்கிறது. ஐந்துக்கு மேல் போனால் கடைசிக் குதிரைக்குக் கிடைப்பது களைத்த ரைடர். இளசை ஒருபோதும் கடைசியில் வைக்காதீர்கள்.

எது கெடும்? கிராஸ் கன்ட்ரியில் யாராவது விழுந்து ஓட்டத்தை நிறுத்திவைத்தால் பின்னாலிருக்கும் எல்லா நேரமும் சரியும். உங்கள் இரண்டாவது குதிரையின் ஷோ ஜம்பிங் முதல் குதிரையின் கிராஸ் கன்ட்ரி மேல் வந்து விழும். செய்ய வேண்டியது ஒன்றுதான். உடனே ஒரு ஆளை ஷோ ஜம்பிங் ஸ்டூவர்டிடம் (வரிசையைக் கவனிக்கும் அதிகாரி) அனுப்பி நிலைமையைச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் நான்கைந்து பேருக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். பெயர் கூப்பிட்டபிறகு ஓடிவந்து சொன்னால் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு.

மார்பில் கட்டும் எண் குதிரைக்கு ஒன்று. மாற்ற மறந்து போவதுதான் பல குதிரை ரைடரிடம் அதிகம் பார்க்கும் பிழை. எண் துணியை ரைடரிடம் கொடுக்காதீர்கள், அந்தந்தக் குதிரையின் கடிவாளத்தோடு கட்டித் தொங்கவிடுங்கள். கடிவாளம் மாறும்போது எண்ணும் மாறிவிடும். டிரெஸாஜ் டெஸ்டும் இப்படித்தான் குழம்பும். வேறு வேறு வகுப்பு என்றால் வேறு வேறு டெஸ்ட். வழி தவறினால் முதல் முறை 2, இரண்டாம் முறை 4, மூன்றாவதில் வெளியே.

ஏழாம்வேலி:

கைக்கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஒருநாள் போட்டியில் தடை உயரம் 100 சென்டிமீட்டர் வகுப்புக்கு நிமிடத்துக்கு 475 மீட்டர், அதற்கு மேல் வகுப்புகளான நாவிஸ் 520, இன்டர்மீடியட் 550, அட்வான்ஸ்டு 570. 2,600 மீட்டர் நாவிஸ் பாதைக்கு உகந்த நேரம் சரியாக 5 நிமிடம். அதைத் தாண்டும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 பெனால்டி. முந்தைய குதிரையின் நேரத்தை மாற்றாமல் அடுத்ததில் கிளம்பினால் நடுவில் கடிகாரம் பொய் சொல்லும், ரைடர் காரணமில்லாமல் விரட்டுவார்.

பாதையை நடக்கும்போது அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போங்கள். ரைடர் எடுக்கப்போகும் வழியிலேயே சக்கரமும் போக வேண்டும், கயிற்றோரமாக நேராக உருட்டினால் கணக்குப் பிழைக்கும். 570 வேகத்தில் ஒவ்வொரு 570 மீட்டருக்கும் ஒரு நிமிட அடையாளம்: ஒரு மரம், ஒரு வேலி, தண்ணீர்த் தடைக்கு முந்தைய வளைவு என்று. ஐந்து நட்சத்திரத்தில் பாதை 6,270 முதல் 6,840 மீட்டர் வரை, அதாவது 11 முதல் 12 நிமிடம்.

அதே பாதைக்கு இரண்டு குதிரைக்கு இரண்டு திட்டம் வேண்டும். நீண்ட அடி வைக்கும் தரோபிரெட் என்ற பந்தய வகைக் குதிரை சமதளத்தில் நேரத்தை மீட்டுவிடும், ஆனால் ஒவ்வொரு தடைக்கு முன்பும் நிதானப்படுத்த ஆறேழு அடி வீணாகும். குட்டையாக, சுறுசுறுப்பாக இருப்பது குறுகத் திரும்பித் திரும்பி நேரத்தைச் சேமிக்கும், கடைசி மேட்டில் மூச்சு வாங்கும். இளசுக்கு நீண்ட மாற்று வழியை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். மறுத்து நின்றால் 20 பெனால்டி, மாற்று வழியில் பத்து விநாடி போனால் 4-தான். ஒரே வகுப்பில் இரண்டு ஓடுவதாக இருந்தால் ஒன்று தொடக்கத்திலும் மற்றது கடைசியிலுமாக வரும். முதல் ஓட்டத்தில் தரை எங்கே வழுக்கியது, எந்த இணைத்தடையில் அடி நீண்டது என்பதை ரைடர் இறங்கியவுடன் யாராவது எழுதிவைக்க வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து ஞாபகத்தில் இருக்காது.

குளம்படி:

குதிரை வழுக்காமலிருக்க லாடத்தில் திருகும் உலோக முனை, அதாவது ஸ்டட் பற்றி யாரும் சொல்லவில்லை. காலை வேளையில் அதிக நேரம் தின்பது அதுதான். லாடத்துக்கு இரண்டு துளை, நான்கு கால், எட்டு ஸ்டட். நான்கு குதிரைக்கு 32. துளையில் மண் இறுகியிருந்தால் ஒன்றுக்கே இரண்டு நிமிடம்.

முந்தின நாள் மாலையே துளையைச் சுத்தம் செய்துவிடுங்கள். லாட ஆணி ஒன்றால் மண்ணைக் கிளறி எடுத்து, டேப்பை (புரி வெட்டும் கருவி) உள்ளே நேராக விட்டு மெதுவாகத் திருகிப் புரியைத் திறந்து, எண்ணெயில் நனைத்த பஞ்சை அழுத்தி அடையுங்கள். காலையில் பஞ்சை உருவிவிட்டுக் கையாலேயே ஸ்டட்டைத் திருகலாம், கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர். டேப் சாய்ந்து உள்ளே போனால் புரி அழியும், அப்புறம் அந்தத் துளையில் எந்த ஸ்டட்டும் நிற்காது. அவசரத்தில் குதிரை காலை இழுக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது. காலை உங்கள் தொடை மேல் ஊன்றாமல் டேப்பைத் தொடாதீர்கள்.

இறுகிய தரைக்குச் சின்ன, கூர்மையானது. நனைந்த ஆழமான தரைக்குப் பெரிய சதுரம். மேலே புல் நனைந்து அடியில் இறுகியிருக்கிற காலைநேரத் தரைக்கு நடுத்தர அளவில் கூர்முனை. உள்பக்கம் எப்போதும் வெளிப்பக்கத்தைவிடச் சின்னதாக இருக்கட்டும், எதிர்க்காலைக் குத்தாமலிருக்க. ஸ்டட்டோடு சிமென்ட் தரையில் நடக்கவிடவோ லாரியில் ஏற்றவோ கூடாது. கழற்றியவுடன் எண்ணிப் பெட்டியில் போடுங்கள். எட்டுக்கு ஏழு வந்தால் மற்றது புல்லில் கிடக்கிறது, அல்லது இன்னும் காலிலேயே இருக்கிறது.

ஐஸ்வாளி:

கிராஸ் கன்ட்ரி முடிந்த பின்பு. ரைடர் இறங்கியதும் மூக்குப்பட்டையையும் வயிற்றுப்பட்டையையும் தளர்த்தி நடக்கவிடுங்கள். சேணத்தை எடுத்து, ஆசனவாயில் தெர்மாமீட்டர். சாதாரணமாக 37.5 முதல் 38.5. ஓடி முடித்தவுடன் 40-ஐத் தாண்டுவது ஆச்சரியமில்லை, 41-ஐ நெருங்கினால் தாமதிக்கவே கூடாது.

ஐஸ் தண்ணீரை இரண்டு பக்கமும் கழுத்து முதல் பின்தொடை வரை விடாமல் ஊற்றுங்கள். வெயில் நாளில் ஒரு குதிரைக்கு எட்டு பத்து வாளியும் ஆகும். 'சூடான தசையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ளும்' என்ற பழைய பயம் 1996 அட்லான்டா ஒலிம்பிக்குக்கான ஆய்வுகளோடு போய்விட்டது, இன்னும் சில லாயங்களில் மட்டும் உயிரோடிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பாருங்கள். 39 சொச்சத்துக்கு இறங்கியதும் நிறுத்தலாம். குடிக்கத் தண்ணீர் உடனே கொடுக்கலாம். உப்பு கலந்ததை முகர்ந்துவிட்டு விலகினால் பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

பிறகு கால்கள்: முள், வெட்டு, குளம்பு விளிம்பில் ஸ்டட் கிழித்த காயம். கழுவி, 20 நிமிடம் ஐஸ். மாலையில் கெட்டித் தரையில் டிராட் (துள்ளுநடை) ஓட்டிப் பாருங்கள். பல நாள் நடக்கும் நீண்ட வடிவப் போட்டியில் மறுநாள் காலை நடுவர் முன் அதையேதான் செய்யப்போகிறது.

பல குதிரை லாயத்தில் இங்கேதான் ஆள் பற்றாக்குறை. ரைடர் இறங்கி அடுத்த குதிரைக்கு ஓடிவிடுவார். முடிவுக்கோட்டில் இரண்டு பேர், வார்ம்-அப்பில் ஒருவர். அதற்குக் குறைந்தால் வெயில் நாளில் ஒரு குதிரையைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

நிமிடமுள்:

ஐஸ்வாளி, ஊற்றிய தண்ணீரை வழித்தெடுக்க வேண்டாமா? தேங்கினால் சூடாகிவிடும் என்று பழக்கியிருக்கிறார்களே.

ஐஸ்வாளி:

வேண்டாம். வழிக்கும் நேரத்தில் அடுத்த வாளியை ஊற்றலாம். புதுத் தண்ணீர் பழையதைத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் குறைவாக இருக்கிற இடத்தில் வேண்டுமானால் வழிக்கலாம்.

முத்திரை:

காகித விஷயம், சுருக்கமாக. சர்வதேசப் போட்டி என்றால் குதிரைக் காய்ச்சல் ஊசி வந்துசேரும் நாளுக்கு முந்தைய 6 மாதம் 21 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும், கடைசி 7 நாளுக்குள் போடக்கூடாது. ஆறு குதிரைக்கும் ஒரே நாளில் போட்டால் ஞாபகம் வைப்பது சுலபம், ஆனால் அந்த வாரம் ஆறும் ஓய்வில் போகும். இரண்டு தொகுதியாகப் பிரியுங்கள். 2021 முதல் பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போக ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றும் சேணம் முதலான பொருட்களுக்குக் கார்னெட் என்ற சுங்க ஆவணமும் வேண்டும்.

மருந்தில் ஒன்று. வலிக்காக பியூட் என்ற மருந்து தின்னும் குதிரையின் வாளி, கரண்டி எதுவும் போட்டிக் குதிரை பக்கம் போகக்கூடாது. யாரும் மருந்து கொடுக்காத குதிரையே பரிசோதனையில் மாட்டுவது இப்படித்தான். வாளிக்கு வண்ணம் அடியுங்கள், சிவப்பு மருந்துக்கு மட்டும். காபிக் கோப்பையும் லாயத்துக்குள் வேண்டாம், காஃபீன் போட்டியில் கூடாத பொருட்களின் பட்டியலில் இருக்கிறது.

லாயம்வாசி:

தீனி: 500 கிலோ குதிரைக்கு உலர்புல் நாளுக்குக் குறைந்தது 7.5 கிலோ. தானியத்தீனி ஒரு வேளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம், கிராஸ் கன்ட்ரிக்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றும் வேறு நேரத்தில் ஓடுவதால் 'எல்லாருக்கும் ஆறு மணிக்கு' என்பது இங்கே செல்லாது. லாரிக் கதவில் பலகை மாட்டி எழுதுங்கள். முதலில் ஓடும் குதிரையைக் கடைசியில் ஏற்றுங்கள், இறக்கும்போது மற்றவற்றைக் கலைக்க வேண்டியிராது. நீண்ட பயணத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தலையைத் தாழ்த்தவிடுங்கள். தலையை உயர்த்தியே கட்டிவைத்தால் சளி வெளியேறாமல் நுரையீரலில் காய்ச்சல் பிடிக்கும்.

பயிற்சி ஓட்டம்: நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை ஐந்து ஐந்து நிமிடக் கேன்டர் (மிதவேக ஓட்டம்), நடுவில் மூன்று நிமிட நடை. ரைடர் சனி, ஞாயிறு முழுக்கப் போட்டியில் இருக்கும்போது முதலில் விட்டுப்போவது இதுதான். போட்டியே பயிற்சி என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஐந்து நிமிட நாவிஸ் ஓட்டம் பதினோரு நிமிடத்துக்குத் தயார் செய்யாது.

காலை முதல் வேலை, தீனிக்கும் முன்பு, முன்கால்களின் பின்புறத் தசைநாணைக் கையுறை இல்லாமல் தடவிப் பாருங்கள். தினமும் ஒரே ஆள், ஒரே நேரம். இடதும் வலதும் ஒரே சூடா என்பதுதான் கேள்வி. லேசான வித்தியாசம் தெரிந்தாலும் அன்று ஓட்டம் கிடையாது, ஸ்கேன் பார்க்கும்வரை நடை மட்டும்.

ஏழாம்வேலி:

ரைடர் விழுந்தால்? அந்தக் குதிரை அத்தோடு வெளியே. அதோடு, மருத்துவர் பார்த்து அனுமதிக்கும்வரை மற்ற எந்தக் குதிரையிலும் ஏற முடியாது. முதல் குதிரையில் விழுந்தால் பின்னால் இருக்கும் மூன்றும் சிக்கலில். அடுத்த குதிரையின் நேரத்தைத் தள்ளச் சொல்லி உடனே ஸ்டூவர்டிடம் ஆள் போக வேண்டும்.

காற்றுப்பை உடுப்பு அணிபவர்களுக்கு: ஒருமுறை விரிந்தால் வாயு உருளையை மாற்ற வேண்டும். குதிரைக்கு ஒன்று வீதம் உபரியாக வைத்திருங்கள், எடையும் அளவும் அந்த உடுப்புக்கு உரியதுதானா என்று பாருங்கள். சேணத்தோடு இணைக்கும் கொக்கியைக் கழற்றாமல் அவசரத்தில் குதித்து இறங்குவதால்தான் பாதி உருளைகள் வீணாகின்றன. வெடிச்சத்தத்தில் குதிரை மிரண்டு பின்வாங்கும், பிடித்திருப்பவர் கால் மிதிபடும். இறங்கப்போகும் ரைடரிடம் 'கொக்கி' என்று சத்தமாகச் சொல்வதைக் குதிரையைப் பிடிப்பவரின் வேலையாகவே வைத்துவிடுங்கள்.