20 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் கோர் ஓட்டம் 22% கூடியது: ஊடுருவுதிறன் உயர்வு என்று எழுதலாமா?

கேள்வி: கோர்ஹோல்டர்
பெரியா மணற்கல் கோர் (பாறையிலிருந்து வெட்டிய உருளை மாதிரி), விட்டம் 38 மி.மீ., நீளம் 76 மி.மீ., ஊடுருவுதிறன், அதாவது துளைகள் வழியே திரவத்தை விடும் திறன், சுமார் 100 மில்லிடார்சி. அறை வெப்பம் 25 டிகிரி. காய்ச்சி வடித்த நீர், அழுத்த வேறுபாடு மாறாமல் 0.5 பார். நிமிடத்துக்கு 4.9 மி.லி. வருகிறது. நுழைமுகத்தில் 20 கிலோஹெர்ட்ஸ் ஹார்னை (ஒலியதிர்வைச் செலுத்தும் உலோகத் தண்டு) அரைமணி நேரம் விடாமல் ஓட்டினால் 6.0. நிறுத்தியதும் மெல்ல இறங்கி 4.7-ல் நிற்கிறது. கோருக்குள் வெப்பமானி இல்லை.

பதில்: டார்சிவிதி
வெப்பமானி வைக்காமல் எதையும் எழுதாதீர்கள். நீரின் பாகுநிலை (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை) 25 டிகிரியில் 0.89 மில்லிபாஸ்கல்-நொடி, 35-ல் 0.72. பாறையில் எதுவும் மாறாமலே ஓட்டம் 24% கூடிவிடும். உங்கள் 22%-க்கு 34 டிகிரி போதும். நிறுத்தியதும் மெல்ல இறங்குவதும் சூடு ஆறுவது போலத்தான் இருக்கிறது.

நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் தெர்மோகப்பிள் வையுங்கள். ஓட்டத்தை அந்தந்த நேரத்துப் பாகுநிலையால் பெருக்கி வரைபடம் போடுங்கள். கோடு கிடைமட்டமாக வந்தால் விளைவு வெறும் சூடு. ஒலியே இல்லாமல், வாட்டர்பாத் மூலம் அதே வெப்பத்துக்குக் கொண்டுபோய் ஒரு ஒப்பீட்டு ஓட்டமும் வேண்டும். 1 நொடி ஒலி, 4 நொடி ஓய்வு என்று துடிப்பாகக் கொடுத்தால் சூடு வெகுவாகக் குறையும்.

பதில்: களிமண்துகள்
எனக்கு உறுத்துவது அந்த 4.7. தொடங்கிய இடத்துக்கும் கீழே போயிருக்கிறது. இரண்டு காரணம் இருக்கலாம். பெரியாவில் கயோலினைட் என்ற களிமண் கனிமம் உண்டு. உப்பில்லாத நீர் பட்டால் துகள் கழன்று துளைக்கழுத்தில் (துளைகளை இணைக்கும் குறுகிய வழி) போய் அடைக்கும், ஒலி அதை இன்னும் உலுக்கிவிடும். 2% பொட்டாசியம் குளோரைடு கரைசலுக்கு மாறுங்கள். வெளிவரும் நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் பிடித்தால் துகள் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று குமிழி. காற்று நீக்காத நீரில் ஒலி பட்டால் கரைந்த வாயு பிரிந்து துளைகளில் தங்கும். வெற்றிடத்தில் வாயு நீக்கி, வெளிவாயிலில் சில பார் பின்னழுத்தம் கொடுங்கள்.

கோர்ஹோல்டர்:
அப்படியானால் எண்ணெய்க் கிணறுகளில் ஒலிக்கருவி இறக்குவதெல்லாம் வீணா?

பதில்: டார்சிவிதி
இல்லை, அங்கே கணக்கு வேறு. கிணற்று உற்பத்தி, வடிகால் ஆரத்துக்கும் (எண்ணெய் வந்து சேரும் பகுதியின் ஆரம்) கிணற்று ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் இயல்மடக்கையோடு ஸ்கின் எண்ணை (கிணற்றை ஒட்டிய அடைப்பின் அளவு) கூட்டி வரும் தொகைக்குத் தலைகீழ் விகிதம். 200 மீட்டர், 0.1 மீட்டர் என்றால் மடக்கை 7.6. சேறும் மெழுகும் அடைத்து ஸ்கின் 10 ஆன கிணற்றில் அது சுழியானால் உற்பத்தி 2.3 மடங்கு. அடைப்பே இல்லாத கிணற்றில், மையத்திலிருந்து அரை மீட்டர் வரை ஊடுருவுதிறனையே இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 12% தான்.

20 கிலோஹெர்ட்ஸ் பாறைக்குள் வெகுதூரம் போகாது. ஆனால் அடைப்பு இருப்பதும் கிணற்றுச் சுவரை ஒட்டித்தானே. அதனால் அழுத்த மீட்புச் சோதனை (கிணற்றை மூடி அழுத்தம் ஏறுவதை அளப்பது) செய்து ஸ்கின் எவ்வளவு என்று பார்த்த பிறகே கருவியை இறக்க வேண்டும். ஆய்வகத்திலும் சுத்தமான கோரை விட்டுவிட்டு, துளைச்சேறு (கிணறு துளைக்கும்போது விடும் சேறு) ஏற்றி அடைத்த கோரில் சோதியுங்கள்.

பதில்: களிமண்துகள்
அடைத்த பிறகு எதிர்த்திசையில் ஓட்டம் கொடுத்துக்கொண்டே ஒலி கொடுங்கள். கழன்ற துகள் வெளியே போக வழி இல்லையென்றால் அடுத்த கழுத்தில் மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.