குடும்பக் குழு: புனித பீட் வகுப்புக்கு என்ன சொல்லலாம்?

திருச்சி அத்தை: மே 25 புனித பீட் திருநாள். மறைக்கல்விப் பிள்ளைங்ககிட்ட 20 நிமிஷம் பேசணும். எதை எடுக்கலாம்?

பாளை சித்தப்பா: வாழ்க்கைக் குறிப்பை ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருங்க அக்கா. 673 வாக்குல வட இங்கிலாந்து நார்தம்ப்ரியாவுல பிறப்பு. 7 வயசுல வியர்மவுத் மடத்துல சேர்த்தாங்க, பிறகு ஜாரோ மடம். 19ல தியாக்கோன் (குருவுக்கு முந்தின பட்டம்), 30ல குரு (பாதிரியார்). 735 மே மாசம் இறப்பு. மீதி நேரம் முழுக்க அவர் பாடம் நடத்தின விதம்தான் பேசணும்.

திருச்சி அத்தை: ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) சபைத் துறவின்னு பீட்டைச் சொல்லிரலாமா?

மாமா: சொல்லலாம், ஆனா ஒரு விளக்கத்தோட. பீட்டோட மடத்தை நிறுவின பெனடிக்ட் பிஸ்கப் (இவர் வேற ஆள்) 17 மடங்கள்ல பார்த்ததை வச்சு ஒழுங்கு, அதாவது துறவிகளுக்கான விதிகள், வகுத்தவர். மடத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஆசீர்வாதப்பர் ஒழுங்கைப் பார்க்கச் சொல்லிட்டுப் போனார்.

பாளை சித்தப்பா: 725ல காலக்கணக்குக்கு ஒரு பாடநூல் எழுதினார். முதல் அதிகாரமே விரல் கணக்கு. பிள்ளைங்களை கையை நீட்டச் சொல்லுங்க.
இடது கை சுண்டு, மோதிர, நடு விரல்: 1 முதல் 9.
இடது ஆள்காட்டி, கட்டைவிரல்: 10 முதல் 90.
வலது ஆள்காட்டி, கட்டைவிரல்: நூறுகள்.
வலது மத்த மூணு விரல்: ஆயிரங்கள்.
ஆக 9,999 வரைக்கும் ரெண்டு கையில அடங்கும்.

குட்டி: மூணு விரல்ல 9 எப்படி சித்தப்பா?

பாளை சித்தப்பா: 1க்கு சுண்டு விரலை மடக்கி உள்ளங்கை நடுவுல வை. 2க்கு மோதிர விரலும் சேரும், 3க்கு நடு விரலும். 4க்கு சுண்டு மட்டும் எழும்பும். 5க்கு மோதிரமும் எழும்பும், நடு விரல் மட்டும் மடங்கியிருக்கும். 6க்கு நடு விரலை நிமிர்த்தி மோதிர விரலை மட்டும் மடக்கு. 7க்கு மறுபடி சுண்டு, ஆனா இந்தத் தடவை உள்ளங்கையோட அடிப்பக்கம், மணிக்கட்டு ஓரமா. 8, 9க்கு அடுத்தடுத்த விரல் அதே இடத்துல.

மாமா: குழப்பம் வர்ற இடம் அதுதான். 1க்கும் 7க்கும் ஒரே விரல். விரல் நுனி எங்க படுதுங்கிறதை முதல்லயே அழுத்திச் சொல்லிருங்க. 2ம் 8ம், 3ம் 9ம் அப்படியே மாறிப் போகும்.

குட்டி: 10?

பாளை சித்தப்பா: ஆள்காட்டி நகத்தைக் கட்டைவிரலோட நடு மூட்டுல வை. அதையே வலது கையில வச்சா 100.

திருச்சி அத்தை: இதெல்லாம் எதுக்குன்னு பிள்ளைங்க கேட்பாங்களே.

மாமா: பாஸ்கா (ஈஸ்டர்) தேதிக்கு. அதுக்கு நிலாவையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் பார்க்கணும். ஒரு கையில மூட்டு 14, நகம் 5, மொத்தம் 19. அது நிலாச் சுழற்சி, அமாவாசை பௌர்ணமி அதே தேதிகளுக்குத் திரும்பி வர ஆகிற வருஷம். ரெண்டு கையிலயும் நகத்தை விட்டுட்டு மூட்டு மட்டும் 28. அது கிழமையும் தேதியும் திரும்பி ஒண்ணு சேர ஆகிற வருஷம். 19 பெருக்கல் 28, 532 வருஷம்; அதுக்கப்புறம் பாஸ்கா தேதிகள் அதே வரிசையில திரும்ப வரும். பீட் போட்ட பாஸ்கா அட்டவணை கி.பி. 532லிருந்து 1063 வரைக்கும்.

பாளை சித்தப்பா: தேதி தப்பினா என்ன ஆகும்னு அவரே 731ல முடிச்ச வரலாற்று நூல்ல எழுதியிருக்கார். நார்தம்ப்ரியாவுல ராஜா ஓஸ்வியு அயர்லாந்து முறை, ராணி ரோம் முறை. ராஜா பாஸ்கா கொண்டாடுற அன்னைக்கு ராணிக்கு குருத்து ஞாயிறு (பாஸ்காவுக்கு முந்தின ஞாயிறு), இன்னும் தவக்காலம் முடியலை! 664ல விட்பி மடத்துல கூடிப் பேசி ரோம் முறைன்னு முடிவாச்சு.

மாமா: எனக்கு ரொம்பப் பிடிச்சது அவர் ஆதாரம் சொல்ற நேர்மை. அந்த நூல் முன்னுரையில யார் எந்தத் தகவல் கொடுத்தாங்கன்னு பேரோட சொல்றார். நொத்ஹெல்ம்ங்கிற குரு ரோமுக்குப் போய், பாப்பரசரோட ஆவணங்கள்ல இருந்து கடிதங்களைப் படியெடுத்துட்டு வந்து கொடுத்திருக்கார்.

பாளை சித்தப்பா: லூக்கா நற்செய்திக்கு எழுதின விளக்க உரையில ஓரத்துல சின்ன எழுத்துக்குறி போட்டு, இந்தக் கருத்து அகுஸ்தினார் சொன்னது, இது கிரகோரியார் சொன்னதுன்னு முந்தின திருச்சபை அறிஞர்களைக் காட்டினார். படியெடுக்கிறவங்க குறிகளை விட்டுராதீங்கன்னும் கேட்டுக்கிட்டார். ஆனா பல பிரதிகள்ல அது விட்டுப்போச்சு. பிள்ளைங்க நோட்டுல எங்க படிச்சோம்னு எழுதப் பழக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

திருச்சி அத்தை: கடைசியா ஒரு கணக்குப் பயிற்சி தாங்க.

மாமா: வருஷத்தோட 1 கூட்டி 19ஆல வகுங்க, மீதிதான் நிலாச் சுழற்சியில அந்த வருஷத்தோட இடம். 731க்கு: 732ஐ வகுத்தா மீதி 10. மீதி 0 வந்தா 19ன்னு எடுக்கணும், பிள்ளைங்க 0ன்னே எழுதிருவாங்க, பார்த்துக்கோங்க.

குட்டி: 2026க்கு 13 வருது மாமா.

மாமா: சரிதான்.