கைராலிட்டிக்குத் தமிழ்ச்சொல்: வியாழனுக்குள் வேண்டும்

(மொரீஷியஸ் தமிழர் குழு ஒன்றின் உரையாடல். பேசுவோர் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்ப்பெயர்.)

ரோஸ் ஹில், திங்கள்:
வணக்கம். வேற்றுலக உயிரைத் தேடுவது பற்றிப் பள்ளிக் கண்காட்சிக்கு ஆறு பதாகைகள். ஆறாவது சொல்லில்லாமல் நிற்கிறது. இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமாய், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத மூலக்கூறுகளைப் பற்றியது. அந்த இரு வடிவங்களை எல், டி என்பார்கள். நம் புரதங்களில் அவற்றின் அலகுகளான அமினோ அமிலங்கள் எல்-வகை, டி.என்.ஏ.யில் டி-வகைச் சர்க்கரை. உயிர் தலையிடாத வேதிவினை பொதுவாக இரண்டையும் சரிபாதியாகத் தரும். அதனால் ஒருபக்கம் மிகுந்திருந்தால் அது தடயம். மூன்று சொற்கள் தேவை: கைராலிட்டி எனும் இந்தத் தன்மைக்கு, ஒரே பக்கமாய் இருப்பதற்கு, மிகைக்கு. ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் 'கிராலிதே', ஆங்கிலத்தில் 'கைராலிட்டி'. எதை எழுத?

மாஹேபூர்:
சங்கு இருக்கக் கவலை ஏன் அம்மா? வலம்புரி, இடம்புரி. புரி என்றால் முறுக்கு. முப்புரிநூலில் உள்ளதும் அதுவே. தன்மை 'புரிமை', ஒரே பக்கம் 'ஒருபுரிமை'.

ரெதுயி:
ஐயா, அழகான சொல். ஆனால் பதாகையில் எல்லோரும் 'உரிமை'யின் அச்சுப்பிழை என்பார்கள். அதைவிடப் பெரிய வில்லங்கம் சங்கிலேயே இருக்கிறது: நாம் வலம்புரி என்று பூசிக்கும் சங்கை விலங்கியலார் இடச்சுருள் என்பார்கள். நுனியை மேலே வைத்துப் பார்ப்பது அவர்கள் மரபு.

சுழல்வதைச் சொல்லும் சுழி, புரி எதுவும் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை ஆலையில் 'பொல்' (கரைசல் தன் வழியே போகும் முனைவாக்கிய ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்ற அளவு) பார்த்தவர்களுக்குத் தெரியும்: 26 கிராம் சர்க்கரையைக் கரைத்து 100 மில்லிக்கு நிரப்பி, 200 மில்லிமீட்டர் குழாயில் 20 பாகை செல்சியசில் வைத்தால் ஆலை அளவுகோலில் 100, கோணத்தில் சுமார் 34.6 பாகை வலப்பக்கம். அமிலம் விட்டுச் சூடாக்கினால் அது குளுக்கோசும் பிரக்டோசுமாய் உடைந்து ஊசி இடப்பக்கம் போய்விடும். அந்தப் பிரக்டோசும் டி-வகைதான்! எல்-அலனின் நீரில் வலப்பக்கம் திருப்பும், எல்-லூசின் இடப்பக்கம். எல், டி என்பவை அமைப்பைச் சொல்பவை. ஒளி திரும்பும் திசையை அல்ல. எல்-வகைக்கு 'இடஞ்சுழி' என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் பொய் சொல்கிறோம்.

(அதே கண்காட்சியில் இந்தச் சோதனையைக் காட்டுவதானால் குழாயில் குமிழி இல்லாமல் பாருங்கள், கலங்கிய கரைசலில் ஒளி வராது. பிரெஞ்சு அறிவியலார் பாஸ்டர் 1848இல் செய்ததுபோல் டார்ட்ரேட் என்ற உப்பின் இடவகை, வலவகைப் படிகங்களை இடுக்கியால் பிரிக்கும் ஆசை வேண்டாம். சுமார் 27 பாகை செல்சியசுக்கு மேல் இருவகையும் ஒரே படிகத்தில் சேர்ந்துவிடும். கோடையில் குளிர்ந்த மேட்டுநிலமான கியூர்பிப்பில் முயலலாம், கடற்கரையில் நடக்காது.)

போர்ட் லூயி:
அப்படியானால் 'கைமை'. இயற்பியலார் கெல்வின் 1893இல் 'கைராலிட்டி'யைக் கிரேக்கக் 'கெயிர்' என்ற கையிலிருந்துதானே படைத்தார்? கெயிர், கை, கரம் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. இடையினம் கெட்டு...

மோக்கா:
அண்ணா, வேரை அப்புறம் தோண்டலாம். கைம்மை என்றால் என்ன என்று வீட்டில் அண்ணியைக் கேளுங்கள். பதாகையில் கைம்மை நோன்பை ஏற்ற முடியாது. 'கைவாகு' என்று வழக்கிலேயே இருக்கிறதே: இடவாகு, வலவாகு, ஒரே பக்கமானால் 'ஒருவாகு'.

மாஹேபூர்:
கைவாகு என்றால் கைக்கு வசதி. 'கைவாகாய்ப் பிடி' என்போம். மூலக்கூறுக்கு என்ன வசதி? முன்கூட்டியே சொல்கிறேன், மிகைக்குக் 'கைம்மிகை' என்று வைத்துவிடாதீர்கள். பழம்பாட்டில் கைம்மிகுதல் என்றால் அளவு கடப்பது.

ரோஸ் ஹில்:
வேண்டாம், 'வாகுமிகை' என்றே போடுகிறேன். 'வாகுமிகை இருந்தால் உயிர் இருக்கிறது' என்பது தலைப்பு வரி.

ரெதுயி:
அந்த வரியை மாற்றுங்கள் அம்மா. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் ஐசோவாலின் என்ற அமினோ அமிலம் 18 சதவீதம் வரை எல்-பக்கம் மிகுந்திருந்தது. புவியுயிர்களின் புரதங்களில் அது கிடையாது, ஆகவே மண் கலந்துவிட்டது என்று தள்ளவும் முடியாது. உயிரில்லாமலே மிகை வரும். பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் வந்த மண்ணில் நம் புரத அமினோ அமிலங்கள் 20இல் 14 கிடைத்தன. இருவாகும் ஏறத்தாழச் சமம். எதிர்ப்பக்கமும் உண்டு: உயிர் செத்துக் காலம் கடந்தால் எல் மெல்ல டியாகி, கடைசியில் இரண்டும் சரிபாதியான கலவைதான் மிஞ்சும். சூட்டில் வேகம், குளிரில் மந்தம். ஒரே ஒரு அமிலத்தில் சிறு மிகை போதாது. பலவற்றில், ஒரே பக்கமாய், கிட்டத்தட்ட முழுமையாய் இருக்க வேண்டும். கிளைசின் என்ற அமினோ அமிலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்கு வாகே இல்லை.

1976இல் உயிரைத் தேடி வைக்கிங் விண்கலங்கள் செவ்வாய் மண்ணுக்கு ஊட்டிய கரைசலில் அலனின், லாக்டேட் இரண்டின் இருவாகும் கலந்தே இருந்தன. வாயு வந்தது, எந்த வாகு செலவானது என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. இதைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

மோக்கா:
வைக்கிங்கை ஐந்தாவது பதாகையிலேயே போட்டிருக்கலாம்.

ரோஸ் ஹில், புதன் இரவு:
கைவாகு, ஒருவாகு, வாகுமிகை. நால்வர் சரி என்றார்கள், இருவர் பதிலே தரவில்லை. 'கைராலிட்டி'யைச் சிறு எழுத்தில் கீழே போடுகிறேன். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

மாஹேபூர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எல், டியோடு கதை முடியவில்லை. இருவாகுக்கும் ஆர், எஸ் என்று பெயரிடும் இன்னொரு முறை இருக்கிறதே, அதில் அந்த 20 புரத அமினோ அமிலங்களுள் எல்-சிஸ்டீன் மட்டும் ஆர், எல்-அலனின் எஸ். இடவாகு எது என்று அப்போது யாரிடம் கேட்பது?